ஒரு டீ கூடக் குடிக்காத முத்திரையம்மா

முத்திரையம்மா கடைவீதியில் கால் வைத்தால், அவள் முதல் கடைக்குள் நுழைவதற்குள் கடைசிக் கடைக்குச் சேதி போய்விடும். அதுவரை தராசில் முழங்கையை ஊன்றிக் கதையளந்துகொண்டிருந்தவர்கள் சட்டென்று தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். அவளுக்குப் பின்னால், மாதிரி எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவளுடைய உதவியாளர் வருவார். ஐம்பத்தைந்து வயது, ஆள் வாட்டசாட்டம். வீதியில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். எடையளவுத் துறையின் ஆய்வாளரான அவளுக்கு முத்திரையம்மா என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடைத் தராசையும் சோதித்து, சரியாக நிறுத்தால் ஈய முத்திரை குத்துவாள். சரியில்லையென்றால் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

சோதனை முடியும்வரை கடைக்காரர் சும்மா நிற்க முடியாதல்லவா?

"மேடம், வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"ஜூஸ்?"

"வேண்டாம்."

"ஒரு வாய் தண்ணியாவது..."

"இருக்கு." பையிலிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்துக் காட்டுவாள்.

அவள் பின்னால் பெட்டிக்காரரின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். மேலதிகாரி குடிக்காத டீயை உதவியாளர் எப்படிக் குடிப்பது? மூன்று வருஷமாக அவர் இந்த வீதியில் தொண்டை வறண்டே நடந்தார்.

"பதினெட்டு வருஷமா கடை வச்சிருக்கேன், இப்படி ஒரு ஆபீசரப் பாத்ததில்ல" என்றார் மளிகைக்கடைக்காரர் ஒருவர். "ஒரு டீ கூடக் குடிக்க மாட்டேங்குது அந்த அம்மா. கை அவ்வளவு சுத்தம்!"

கை சுத்தம்தான். ஆனால் அந்த டீயை மறுக்கும்போது லஞ்சம் என்ற சொல் அவள் மனதின் ஓரத்தில்கூட எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தம்ளரில் எத்தனை கரண்டி சர்க்கரை இருக்கும், பாலில் ஆடை இருக்குமா என்பதுதான் அவள் கவலை. சொந்தக் காசில் வாங்கியிருந்தாலும் குடித்திருக்க மாட்டாள். அவள் நிஜமாகவே நேர்மையானவள்தானா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அவளுக்கும்தான்.

இதற்கெல்லாம் மூலம் பதினேழாம் வயதில் வந்த ஒரு காய்ச்சல்.

அதுவரை அவள் கொஞ்சம் உருண்டையான பெண். தாய்மாமன் அவளைப் "பந்து" என்றுதான் கூப்பிடுவார். பிரியமாகத்தான். பந்துக்கு அது பிரியமாகப் படவில்லை என்பது வேறு விஷயம். அந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் படுத்தாள். பிழைப்பாளா என்று அம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"காய்ச்சல் வந்தாலும் வந்துச்சு, பொண்ணு எவ்வளவு லட்சணமா ஆயிட்டா பாரு!"

மாமன் அன்றிலிருந்து "பந்து" என்பதை விட்டுவிட்டார். சாவின் விளிம்புவரை போய்வந்த பெண்ணுக்கு ஊரே சேர்ந்து ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. அவள் எப்போதுமே நல்ல மாணவி. ஒருமுறை சொன்னாலே பிடித்துக்கொள்வாள்.

பிறகு அந்தச் சாப்பிடாத பழக்கம் வந்தது, போனது. கல்லூரி விடுதியில் இரண்டு வருஷம் இருந்தது. கல்யாணமானதும் விட்டது. மாற்றல் வந்த வருஷம் எட்டிப் பார்த்தது. முப்பதுகளில் ஆளையே காணோம். போய்த் தொலைந்தது என்று அவளே நினைத்திருந்தாள். நாற்பதாம் வயதில் அம்மா படுத்த படுக்கையானபோது எட்டு மாதம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிய பிறகு சோறு இறங்கவில்லை. துக்கம் என்று சொல்லி எல்லாரும் விட்டுவிட்டார்கள். மூன்று மாதத்தில் துக்கம் கொஞ்சம் தணிந்தது. சோறு மட்டும் திரும்பி வரவில்லை.

மறுபடி அதே பாட்டு ஆரம்பித்தது. அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் ஒருநாள் அவளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"மேடம், ரகசியத்தச் சொல்லுங்க. என்ன டயட்? நானும் ஆறு மாசமா நாயா பேயா நடக்கறேன், ஒண்ணும் குறையல."

முத்திரையம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஒரே வாரத்தில் அலுவலகத்துப் பெண்கள் ஏழு பேர் அவளுடைய சீடர்கள். மத்தியானத்துக்குள் ஆறு பேர் பிஸ்கட்டை உடைத்துவிடுவார்கள் என்பதால் பெரிதாகச் சேதம் இல்லை. குருவுக்குத்தான் அந்த வரம் வாய்க்கவில்லை.

வீட்டிலோ அவள் விழுந்து விழுந்து சமைத்தாள். அவள் கணவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால் விடுபட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். சந்திப்பிழை கண்ணில் பட்டால் அன்று முழுக்கச் சோறு செல்லாது. அப்படிப்பட்டவர், எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுப் போவதை மூன்று வருஷம் கவனிக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு எதிர்த்தட்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

"நீ சாப்பிடலையா?"

"நான் அப்பவே சாப்பிட்டேன்."

"குழம்பு பிரமாதம்."

உரையாடல் இவ்வளவுதான். அவர் சாப்பிடுவதை அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பவர்களுக்கு அது அன்பாகத் தெரியும். அன்பும்தான். ஆனால் கடைக்கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்ப்பவரின் பார்வையும் அதில் இருந்தது.

அவளுடைய நாட்களும் சுருங்கிக்கொண்டே வந்தன. எப்போதும் குளிர்ந்தது. வெயில்காலத்தில் ஸ்வெட்டரோடு அலுவலகம் போனாள். கூட்டிப் பெருக்கக் குனிந்தால் கண் இருட்டியது. கதவைப் பூட்டியபின் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு கேஸ் அடுப்பு. பிறகு மறுபடி பூட்டு. எடைக்கற்களைத் துடைத்ததையே துடைத்தாள். கைரேகை பட்டால் எடை கூடிவிடுமாம். பெட்டிக்காரர் ஒருமுறை, "மேடம், இன்னும் தேச்சா கல்லு கரைஞ்சிரும்" என்றார். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. முன்பெல்லாம் அவருடைய கேலிக்கு முதலில் சிரித்தவள் அவள்தான்.

எல்லாவற்றையும்விட மோசமான ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும், கணவர் வருவதற்குமுன் கிடைக்கும் அரைமணி நேரம், கூடத்து நாற்காலியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். இப்படியே இல்லாமல் போய்விட்டால் எவ்வளவு நிம்மதி என்ற எண்ணம் வந்து பக்கத்தில் உட்காரும். முதலில் எப்போதாவது வந்துகொண்டிருந்தது. அப்புறம் தினமும் வந்தது. கடைசியில் அது வராத நாள் ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. கணவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, குழம்பைச் சூடாக்கப் போய்விடுவாள்.

இந்த நிலைமையில்தான் துறை அவளுக்கு விருது கொடுத்தது.

நேர்மைக்கான விருது. மேலதிகாரி மேடையில் பத்து நிமிடம் பேசினார். நல்ல குரல்வளம். "இந்த அம்மையாரைப் பற்றி வணிகர் சங்கத்திடம் கேட்டேன். ஒரே வரியில் பதில் சொன்னார்கள். ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார்கள்! நண்பர்களே, இந்தக் காலத்தில், ஒரு டீ கூட!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பித்தளைக் கேடயத்தை அவளிடம் கொடுத்தார்கள். கை நடுங்கியது. கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து, சிரித்துக்கொண்டே பெட்டிக்காரரிடம் நீட்டினாள். உதவியாளருக்கும் பெருமையில் பங்கு தருகிறாரே என்று சபை இன்னும் பலமாகக் கைதட்டியது.

விழாவை ஒட்டி ஊழியர்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனையும் வைத்திருந்தார்கள். முத்திரையம்மா நழுவப் பார்த்தாள். விருது வாங்கியவரே வராவிட்டால் எப்படி என்று மேலதிகாரி முதல் ஆளாக அவளை உட்கார வைத்துவிட்டார். பேச்சால் மட்டும் நல்லது செய்துவந்த அந்த மனிதர், தெரியாமல் செய்த பெரிய நன்மை அது.

ரத்தம் போன பரிசோதனைக்கூடத்தில்தான் அவளுடைய தங்கை வேலை பார்த்தாள். அக்காவைப் போல அடக்கமான பிறவி இல்லை. நாலு வீதி தாண்டிக் கேட்கும் குரல். மறுநாள் காலை, வரிசையாக வந்த முடிவுகளில் அக்காவின் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தாள். இயந்திரம் தவறு செய்கிறது என்று நினைத்து மறுபடி போட்டாள். அதே எண். ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புச்சத்து, இதயம் எந்த நிமிஷமும் தாளம் தப்பிவிடக்கூடிய அளவுக்கு இறங்கியிருந்தது.

போன் அடித்தபோது முத்திரையம்மா ஒரு கிடங்கில் மேடைத்தராசைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நாலு மூலையிலும் இருபது கிலோ கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.

"அக்கா, எங்க இருக்க?"

"வேலைல. அப்புறம் பேசறேன்."

"வச்சேன்னா கொன்னுடுவேன். உக்காரு."

"என்னடி இது, மிரட்டற?"

"உக்காருன்னு சொன்னேன். நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. பக்கத்துல யாரு இருக்கா? போனக் குடு."

பெட்டிக்காரர் போனை வாங்கினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது கிடங்கின் கடைசி மூட்டைவரை கேட்டது. அவர் முகம் வெளுத்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலாம் மூலையில் வைக்க இருந்த கல்லைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார். இருபத்தெட்டு வருஷ வேலையில் சோதனையை நடுவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, இன்னும் ஒரு மூலை பாக்கி" என்றாள் முத்திரையம்மா.

"அது ஓடியா போயிடும்? உக்காருங்க மேடம். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். மார்பில் ஒட்டிய ஒயர்கள், தலைமாட்டில் பீப் பீப் என்று ஒரு திரை. மூன்றாம் நாள் மனநல மருத்துவர் வந்தார். சின்ன உருவம், நரைத்த தலை, அவசரமே இல்லாத குரல். கணவரையும் தங்கையையும் வெளியே போகச் சொல்லிவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பூட்டு, அடுப்பு, குளிர், தூக்கம் எல்லாம் வந்தது.

"இதுக்கு உண்ணும் கோளாறுன்னு பேரும்மா."

முத்திரையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அது சின்னப் பொண்ணுங்களுக்கு வர்றதில்லையா டாக்டர்? எனக்கு நாப்பத்திமூணு."

"நோய்க்கு உங்க பிறந்த தேதி தெரியாது."

"நான் மெலியணும்னு பண்ணல டாக்டர். சத்தியமா. எனக்கு... சாப்பிடப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

"அதான் நோய். பெரும்பாலும் தனியா வராது. பதற்றம், மனச்சோர்வு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும். ஒண்ண மட்டும் பாத்தா மத்தது பின்வாசல் வழியா வந்துரும். அதனால இன்னொண்ணு நேராவே கேக்கறேன். செத்துப் போகலாம்னு தோணியிருக்கா?"

இப்படி முகத்துக்கு நேரே யாரும் அவளைக் கேட்டதில்லை. அரைமணி நேரமும் கூடத்து இருட்டும் ஞாபகம் வந்தன. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"சாகணும்னு இல்ல டாக்டர். இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு... தினமும்."

மருத்துவர் திடுக்கிடவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. "சொன்னது ரொம்ப நல்லது" என்றார். "இனிமே அந்த எண்ணம் வந்தா யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

"யாருக்குன்னு..."

கதவுக்கு வெளியே தங்கையின் குரல் கேட்டது. நர்சிடம் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

"அவங்களுக்கே பண்ணலாமே" என்றார் மருத்துவர். "எடுக்காம இருக்க மாட்டாங்கன்னு தோணுது."

அன்று சாயங்காலம் கணவர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "மூணு வருஷம்" என்றார். "எதுத்தாப்ல உக்காந்து தின்னுருக்கேன்."

"நான்தான் மறைச்சேன்."

"மறைச்சதக் கண்டுபிடிக்கறதுதானே என் தொழிலு?"

அவரை எப்படித் தேற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நோயாளி அவள் என்பதால் அந்த வேலை அன்று அவளுடையதல்ல என்பதும் தெரியவில்லை.

வீடு திரும்பிய பிறகு வாரம் ஒருநாள் மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை உண்டு, பேச்சு உண்டு, உணவு அட்டவணை உண்டு. மருத்துவரின் அறையில் ஓர் எடைமேடையும் உண்டு. அதில் முதுகைக் காட்டி ஏற வேண்டும். எண்ணை மருத்துவர் மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வார். நோயாளி பார்க்கக் கூடாது என்பது விதி. வாழ்நாளெல்லாம் தராசு முள்ளை உற்றுப் பார்த்தே சம்பளம் வாங்கியவளுக்கு இப்படி ஒரு விதி. முதல் தடவை ஏறியபோதே அவள் கண் கீழே போனது. எண்ணைத் தேடி அல்ல.

"டாக்டர், இந்த மிஷினுக்கு முத்திரை புதுப்பிக்கவே இல்ல."

"என்னது?"

"போன வருஷமே காலாவதி. சட்டப்படி இத நான் பறிமுதல் பண்ணணும்."

நிதானம் தவறாத மருத்துவர் முதல்முறையாகத் தடுமாறினார். "அப்ப நீங்களே சோதிச்சு முத்திரை போட்டுருங்களேன்... இல்ல, இருங்க, உங்க கண்ணுல நம்பர் படக் கூடாது."

"நம்பரப் பாக்காம எப்படி டாக்டர் முத்திரை போடறது?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முத்திரையம்மா வயிறு குலுங்கச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. மறுவாரம் பக்கத்து வட்டத்து ஆய்வாளர் வந்து சோதித்தார். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முந்நூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தது. மருத்துவர் தன் நோயாளிகள் அத்தனை பேரின் குறிப்பையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

மூன்று மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். உணவு அட்டவணையில் காலை பதினோரு மணிக்கு ஒரு சிற்றுண்டி போட்டிருந்தது. எங்கே இருந்தாலும், என்ன வேலையாக இருந்தாலும். தங்கை அதைப் பெட்டிக்காரரிடம் ஒப்படைத்திருந்தாள். "அண்ணே, பதினொண்ணு அடிச்சா அவ வாயில ஏதாவது போகணும். போகலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க." இப்படி ஓர் அரசாணைக்காகத்தான் அவர் மூன்று வருஷமாகக் காத்திருந்தார்.

முதல் நாள், பதினோரு மணிக்கு அவர்கள் இருந்தது அந்த மளிகைக்கடையில். கொண்டுவர வேண்டிய சிற்றுண்டி டப்பாவை அவள் வீட்டிலேயே மறந்துவிட்டாள். மறந்தாளா, நோய் மறக்க வைத்ததா என்பது மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம். பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கல்லைக் கீழே வைத்தார்.

"ரெண்டு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட்" என்றார் கடைக்காரரிடம். காசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கடைக்காரர் முதலில் அவரைப் பார்த்தார். பிறகு முத்திரையம்மாவைப் பார்த்தார். பிறகு தன் தராசைப் பார்த்தார். அவர் கை தானாகக் காசைத் திருப்பித் தள்ளியது.

"சேச்சே, காசெல்லாம் எதுக்கு? மேடம் சாப்பிட்டா எங்களுக்குப் பெருமை."

"எடுத்துக்கங்க" என்றாள் முத்திரையம்மா.

"அட, இருக்கட்டும் மேடம்."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. எதிரே தட்டில் பிஸ்கட் இருந்தது. முன்பு ஆயிரம் கடைக்காரர்களை மிரட்டியிருந்தாள். இன்று ஒரு பிஸ்கட் அவளை மிரட்டியது. நெற்றி வியர்த்தது. ஒன்றை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். கடைக்காரரும் அவருடைய இரண்டு வாடிக்கையாளர்களும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடத்தில் இரண்டு பிஸ்கட்டும் அரைத் தம்ளர் டீயும் முடிந்தன. அவள் கண்ணில் நீர் நின்றது. அவள் வரையில் அது மலையேறிய மாதிரி. வீதியைப் பொறுத்தவரை அன்று ஒரு கோபுரம் சாய்ந்தது.

"அந்த அம்மாவும் ஆரம்பிச்சிருச்சாம்!" என்ற சேதி சாயங்காலத்துக்குள் கடைசிக் கடையைத் தொட்டது. இரண்டு வாரம் கழித்து, அவள் ஒரு கள்ளத் தராசைப் பிடித்த மறுநாள், மேலதிகாரிக்குப் பெயரில்லாமல் ஒரு புகார்க் கடிதம் போனது. 'நேர்மைக்கு விருது பெற்ற அதிகாரி கடைகளில் இலவசமாக டீயும் பிஸ்கட்டும் வாங்கிச் சாப்பிடுகிறார். தினமும் பதினோரு மணிக்கு நேரில் காணலாம்.' விசாரணைக்கு உத்தரவாயிற்று.

சாட்சி பெட்டிக்காரர்.

"சாப்பிட்டாங்களா?" என்றார் மேலதிகாரி.

"சாப்பிட்டாங்க சார். ரெண்டு பிஸ்கட்."

"நீங்க தடுக்கலையா?"

"நான் எதுக்கு சார் தடுக்கணும்? மூணாவதுக்குக் கெஞ்சினேன். மாட்டேன்னுட்டாங்க."

மேலதிகாரி பேனாவை வைத்தார். "காசு குடுத்தாங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

"அன்னிக்கே குடுத்தேன் சார், அவரு தள்ளிட்டாரு. திரும்பிப் போகையில அவரு பாக்காதப்போ கல்லாப்பெட்டி மேல வச்சுட்டு ஓடி வந்துட்டேன். லஞ்சம் வாங்கறத ஒளிச்சு வாங்குவாங்க, தெரியும். லஞ்சம் வாங்காததையும் ஒளிச்சுத்தான் செய்யணும்னு எனக்கு அன்னிக்குத்தான் சார் தெரியும்."

வாய்மொழி போதாது, அவளும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார்கள். முத்திரையம்மா இரண்டு நாள் யோசித்தாள். காசு கொடுத்தாயிற்று என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிவிடும். ஏன் பதினோரு மணிக்கு என்பதை எழுதினால், அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். மனநோய்க்காரி முத்திரை குத்துகிறாள் என்பார்கள். ஆனாலும் அந்த விருதுக் கேடயம் அலமாரியிலிருந்து அவளை முறைத்துக்கொண்டே இருந்தது. ஒரு டீ கூடக் குடிக்காததற்குக் கிடைத்த பொருள் அது. அதை இன்னும் எத்தனை நாள் தூசி தட்டுவது?

முழுவதையும் எழுதினாள். ஒன்றரைப் பக்கம். கணவரிடம் நீட்டினாள். "பிழை இருந்தாப் பாருங்க."

அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஒருமுறை வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஆஸ்பத்திரியில்கூட அவருக்குத் தெரியவராத பல விஷயங்கள் அதில் இருந்தன. கூடத்து நாற்காலி இருந்தது. அவருடைய செருப்புச் சத்தம் இருந்தது. பிறகு ஒரே ஓர் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

'எனக்கு உண்ணும் கோளாறு என்னும் நோய் இருந்தது' என்று அவள் எழுதியிருந்தாள். 'இருந்தது' என்பதை அடித்து, மேலே 'இருக்கிறது' என்று போட்டிருந்தார்.

"சரிதானா?" என்று கேட்டார், பயந்துகொண்டே.

அவள் அந்தச் சொல்லைப் பார்த்தபடி நின்றாள். அவர் இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றிச் சரியாகக் கவனித்த முதல் விஷயம் அது. "சரிதான்" என்றாள்.

விளக்கத்தைப் படித்த மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேடையில் பத்து நிமிடம் பேசியவர் விளக்கத்தை மறுபடி புரட்டினார். கடைசியில், "பைல மூடிடறேம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டர் எங்க உக்கார்றாங்க? என் மருமகளுக்குக் கேக்கறேன்" என்றார். அவள் முகவரியை எழுதிக் கொடுத்தாள். கோப்பு மூடியது. விருதைத் திரும்பத் தருகிறேன் என்றாள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். மறுவருஷம், மாற்றலாகிப் புது ஊருக்குப் போனபோது, இரண்டு மாதம் எல்லாம் பழையபடி சறுக்கியது. பூட்டை இழுத்துப் பார்ப்பது திரும்ப வந்தது. ஒரு சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "சும்மாதான்" என்றாள். தங்கை "ஐயோ"வும் சொல்லவில்லை, அழவும் இல்லை. "லைட்டப் போடு மொதல்ல. நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிட்டேன்" என்றாள். அடுத்த வாரம் மாத்திரை மாறியது. அட்டவணை மாறியது. மெல்ல மெல்ல மறுபடி மேலே வந்தாள்.

புது ஊரில் அவளுக்கு வேறு பெயர். காலையில் எந்தக் கடையில் சோதனை நடந்தாலும், பதினோரு மணிக்கு ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். எழுந்திருக்கும்வரை தராசும் கடைக்காரரும் காத்திருக்க வேண்டும். சில நாள் பத்து நிமிடத்தில் முடியும். சில நாள் நாற்பது நிமிடம் ஆகும். சில நாள் பாதி டப்பாவிலேயே திரும்பும். அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுகிறாள். இங்கே அவளுக்குப் பெயர் பதினொருமணியம்மா.

போன வாரம் ஒரு பாத்திரக்கடைக்காரர் அவசரத்தில் இருந்தார். "மேடம், முத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடக் கூடாதா? கடைல கூட்டம் நிக்குது."

"நிக்கட்டும்" என்றாள், வாயில் ரொட்டியோடு. "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."